கல்வெட்டுகளில் இராசி நாயிறு: குன்றாண்டார்கோவில் திருவாதிரைக் கொடையை முன்வைத்து

புதுக்கோட்டை மாவட்டத்துக் குன்றாண்டார்கோவில் குடைவரையில் உள்ள நந்திவர்மப் பல்லவன் காலக் கல்வெட்டொன்று, திருவாதிரை நாளில் உணவளிப்பதற்குரிய அரிசிக் கொடையைக் குறிக்கிறது. அக்கோயிலின் முன்மண்டபம் சக்கரமும் குதிரையும் பூட்டிய தேர்வடிவில் பிற்காலத்தில் எழுப்பப்பட்டது. தேர்வடிவம் என்பதாலேயே அதனைக் கதிரவன் தேராகக் கொள்ளுதல் பொருந்தாது. அங்குக் கதிரவனின் வழியைத் தேட வேண்டிய இடம் கல்வெட்டே.

திருவாதிரை என்பது நிலவைக் கொண்டு அறியப்படும் நாள். நிலவு ஏறத்தாழ 27.3 நாளுக்கு ஒருமுறை அந்நாள்மீனை அடைவதால் ஓராண்டில் பதின்மூன்று திருவாதிரைகள் அமையும். அவற்றுள் மார்கழித் திருவாதிரை சிறப்புறுவதற்குக் காரணம் கதிரவனின் நிலையாகும். ஆதிரையின் எல்லை 66 பாகை 40 கலை முதல் 80 பாகை வரை. முழுநிலவு கதிரவனுக்கு நேரெதிரே நிற்பது. ஆகவே ஆதிரையில் நிலவு முழுமை பெறக் கதிரவன் 246 பாகை 40 கலைக்கும் 260 பாகைக்கும் இடையே நிற்றல் வேண்டும். இவ்விடைவெளி முழுவதும் தனுவில் (240–270 பாகை) அடங்கும். நிலவு நாளைக் காட்ட, ஞாயிறு பருவத்தை வரையறுக்கிறது.

சோழ, பாண்டியக் கல்வெட்டுகளில் வரும் 'தனு நாயற்று', 'கன்னி நாயற்று' முதலிய தொடர்களின் பயன் இதுவே. 'நாயற்று' என்பதைக் கிழமைப் பெயராக மயங்குதல் கூடாது; கதிரவன் அவ்விராசியில் நிற்கும் திங்கள் என்பதே பொருள். கிழமை அத்தொடரில் தனியே சுட்டப்பெறும். இராசி, பக்கம், திதி, கிழமை, நாள்மீன் ஆகிய ஐந்தும் ஒருங்கே பொருந்தும் நாள் அரிது. ஒரே பெயர் தாங்கிய பாண்டியர் பலரை வேறுபடுத்த அறிஞர் பெரிதும் நம்பியது இப்பொருத்தத்தையே. கீல்ஹார்னின் ஆய்வுகளும், எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் வெளியிட்ட 'இந்தியன் எபிமெரிஸ்' அட்டவணைகளும் இதற்கு வழிவகுத்தன.

இராசி நாயிற்றை இக்கால மாதத்திற்கு நேராக வைப்பதில்தான் பிழை நேர்கிறது. இன்று மேட நாயிறு ஏப்ரல் 14ஐ ஒட்டித் தொடங்குகிறது; கி.பி. 1000ஐ ஒட்டி அது சூலியன் நாட்காட்டியில் மார்ச் 23 அளவில் தொடங்கியது. அக்காலத் தனு நாயிறும் நவம்பர் 24 அளவில் பிறந்து டிசம்பர் பிற்பகுதியில் முடிந்தது. எனவே முதலாம் இராசராசன் காலத் தனு நாயிற்றை 'டிசம்பர்–சனவரி' எனப் பதிப்புக் குறிப்பில் எழுதுவது பொருந்தாது. நாட்காட்டி வேறுபாட்டோடு அயனச் சலனமும் கருதத்தக்கது. அந்நூற்றாண்டில் சமஇரவு நாளுக்கும் மேடப் பிறப்புக்கும் இடைவெளி ஏறத்தாழ எட்டு நாள்; இன்று இருபத்து நான்கு. கொடைக்குரிய காலமாகக் கல்வெட்டுகள் கூறும் 'சித்திரை விஷு' வானில் நிகழும் சமஇரவிலிருந்து அப்போதே விலகத் தொடங்கிவிட்டது.

இராசி வேறு, விண்மீன் கூட்டம் வேறு என்பதும் நினைவிற்குரியது. இராசி முப்பது பாகைச் சமக்கூறு. விண்மீன் கூட்டங்களோ அளவில் ஒவ்வாதன. இன்றைய வானியல் எல்லைப்படி கதிரவன் கன்னிக் கூட்டத்தைக் கடக்க ஆறு வாரத்திற்கு மேலாகிறது. விருச்சிகக் கூட்டத்தை ஒரு வாரத்தில் கடந்துவிடுகிறது. சமக்கூறுகளிலும் கால அளவு ஒன்றன்று: பூமி கதிரவனை அண்மி விரையும் மார்கழி 29 நாளிலும், சேய்மையில் மெல்லச் செல்லும் ஆனி சில ஆண்டுகளில் 32 நாளிலும் முடியும். கல்வெட்டுத் தேதியைச் சராசரி மாத அளவால் கணிப்போர்க்கு ஓரிரு நாள் பிழைப்பது இதனாலேயே. அந்நிலையில் எழுத்தைத் திருத்த முற்படாமல் முதலில் கிழமையைச் சரிபார்த்தல் வேண்டும்.