இரண்டு வயதுக் குழந்தையோடு டிஸ்னி வேர்ல்டில் ஒரு வாரம்

பூங்காவில் எங்கள் முதல் நாள் இரவு. சிண்ட்ரெல்லா கோட்டைக்கு மேலே வாணவேடிக்கை வெடித்துக்கொண்டிருந்தது. சுற்றியிருந்த ஆயிரக்கணக்கானவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் மகள் மட்டும் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அலறினாள். அவளுக்கு அப்போது இரண்டு வயது நான்கு மாதம். காலை எட்டரை மணியிலிருந்து வெயிலும் வரிசையுமாக அலைந்திருந்தாள். மதியம் கண் மூடவே இல்லை. விடுதி அறைக்குத் திரும்பியதும் என் மாமியார் அவள் உள்ளங்காலைத் தடவிக்கொண்டே, “பிள்ளை தூங்குற நேரத்துல தூங்கட்டும்மா, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்” என்றார்.

மறுநாளிலிருந்து அவர் சொன்னபடிதான் செய்தோம். குழந்தையின் மதியத் தூக்கத்தை நடுவில் வைத்து, மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றி அடுக்கினோம். இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் ஒவ்வொரு படியும் அதிலிருந்து வந்ததுதான்.

வயதையும் மாதத்தையும் பாருங்கள்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோ நகருக்கு அருகே 1971இல் திறக்கப்பட்டது வால்ட் டிஸ்னி வேர்ல்ட். ஒரே வளாகத்தில் நான்கு பெரிய பூங்காக்கள்: மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம். மூன்று வயது நிறையாத குழந்தைக்கு நுழைவுச்சீட்டே தேவையில்லை. மூன்றிலிருந்து ஒன்பது வயது வரை குழந்தைக் கட்டணம். விமானத்தில் கணக்கு வேறு. இரண்டு வயது வரைதான் மடியில் வைத்துக்கொள்ளலாம், அதற்குப் பிறகு தனி இருக்கை வாங்க வேண்டும். சென்னையிலிருந்து போவதென்றால் இடையில் விமானம் மாறித்தான் ஆக வேண்டும், முழுதாக ஒரு நாள் போய்விடும். இரண்டு வயது ஆகாவிட்டாலும் கையில் பணம் இருந்தால் தனி இருக்கை வாங்கிவிடுங்கள். கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும் என்பதால் பல மாதங்களுக்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும்.

பள்ளிக்குப் போகாத குழந்தை என்பதால் ஏப்ரல், மே விடுமுறைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஃபுளோரிடாவில் நம் கடற்கரை ஊர்களைப் போலவே புழுக்கம். மதியத்தில் திடீரென்று இடி மின்னலோடு மழை கொட்டும். மின்னல் வெட்டினால் திறந்தவெளி ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். ஜனவரி பிற்பகுதியும் பிப்ரவரி முதல் வாரமும் இதமாக இருக்கும். காலையில் மட்டும் ஸ்வெட்டர் போட வேண்டியிருக்கும்.

விடுதியைத் தூரம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

செலவில் எங்கே கை வைத்தாலும் இதில் வைக்காதீர்கள். வெளியே மலிவான விடுதியில் தங்கினால், மேஜிக் கிங்டத்துக்குப் போக வாகன நிறுத்தத்தில் காரை விட்டு, அங்கிருந்து படகோ மோனோரயிலோ பிடித்துத்தான் வாசலை அடைய வேண்டும். காலையில் ஒருமுறை என்றால் சரி. மதியம் தூங்க வைக்கத் திரும்பி, மாலையில் மறுபடி போவது நடக்காத காரியம்.

கன்டெம்பரரி விடுதியிலிருந்து மேஜிக் கிங்டத்துக்கு நடந்தே போய்விடலாம். பாலினீசியன், கிராண்ட் ஃபுளோரிடியன் இரண்டும் மோனோரயில் பாதையில் இருக்கின்றன. மூன்றுமே விலை அதிகம். பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன் போன்றவை அவற்றைவிடக் குறைவு. அங்கிருந்து ஸ்கைலைனர் என்ற கம்பிவட வண்டியில் எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் போகலாம். தள்ளுவண்டியை மடக்காமல் உருட்டிக்கொண்டே ஏறலாம். பேருந்தில் மடக்கித்தான் ஏற வேண்டும். ஒரு கையில் தூங்கும் குழந்தையும் மறு கையில் மடக்கிய வண்டியுமாக நின்று பார்த்தவர்களுக்குத்தான் இந்த வித்தியாசம் தெரியும்.

டிஸ்னி விடுதியில் தங்குபவர்களைப் பூங்கா திறக்கும் நேரத்துக்கு அரை மணி முன்பே உள்ளே விடுவார்கள். குழந்தைக்கு மடக்குத் தொட்டில் கேட்டால் கட்டணமில்லாமல் தருவார்கள்.

ஏழு நாளில் நான்கு நாள் போதும்

ஏழு நாளும் பூங்காவுக்குப் போக நினைக்காதீர்கள். நான்கு நாள் சீட்டு வாங்கினால் ஏழு நாளுக்குள் எந்த நான்கு நாளிலும் பயன்படுத்தலாம். நாங்கள் மறுபடி போனால் இப்படித்தான் பிரிப்போம்: வந்திறங்கும் நாளும் மறுநாளும் விடுதி, நீச்சல்குளம், மளிகை. மூன்றாம் நாள் மேஜிக் கிங்டம். நான்காம் நாள் அனிமல் கிங்டம். ஐந்தாம் நாள் ஓய்வு. ஆறாம் நாள் எப்காட். ஏழாம் நாள் மீண்டும் மேஜிக் கிங்டம். பார்த்ததையே மறுபடி பார்ப்பதில் இந்த வயதுக்கு அலாதி சந்தோஷம், அதனால் கடைசி நாள் வீணாகாது. ஹாலிவுட் ஸ்டூடியோஸை விட்டுவிடலாம். இரண்டு வயதுக் குழந்தைக்கு நான்கில் அங்குதான் வேலை குறைவு.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு நேர வித்தியாசம் ஒன்பதரை மணி அல்லது பத்தரை மணி. முதல் மூன்று நாள் குழந்தை விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்காரும். அதோடு சண்டை போட வேண்டாம். எழுந்ததைச் சாக்காக வைத்து, குளிக்க வைத்து, வயிறு நிறையக் கொடுத்து, வாசல் திறக்கும் முன் போய் நில்லுங்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் முடிகிற காரியம் மதியத்தில் நான்கு மணி நேரமானாலும் முடியாது.

பதினொன்றரைக்குச் சாப்பாடு. பன்னிரண்டரைக்குள் அறை. திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூக்கம். ஐந்து மணிக்கு மேல் மனமிருந்தால் மறுபடி போய் ஏழரைக்குத் திரும்பலாம். வாணவேடிக்கையைப் பூங்காவுக்குள் நின்று பார்க்காதீர்கள். பாலினீசியன் விடுதியின் மணற்கரையிலிருந்து ஏரிக்கு அப்பால் தெரியும். வெளிச்சம் இருக்கும், சத்தம் குறைந்திருக்கும். நாங்கள் கடைசி இரவு அங்கே உட்கார்ந்துதான் பார்த்தோம். அதே குழந்தை கை தட்டினாள்.

தள்ளுவண்டி

பூங்காவில் வாடகைக்குக் கிடைப்பது கெட்டியான பிளாஸ்டிக் வண்டி. சாய்த்துப் படுக்க வைக்க முடியாது, பூங்காவை விட்டு வெளியே கொண்டுபோகவும் முடியாது. வாசலிலிருந்து பேருந்து வரை குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். முதுகு சாயும் லேசான வண்டியை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். 31 அங்குல அகலம், 52 அங்குல நீளத்துக்கு மேல் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். ஒவ்வொரு சவாரிக்கும் வெளியே வண்டியை நிறுத்த வேண்டும். ஊழியர்கள் இடம் சரிசெய்ய அதை நகர்த்தி வைப்பார்கள். திரும்பி வந்தால் ஒரே மாதிரி நூறு வண்டி நிற்கும். நாங்கள் கைப்பிடியில் மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தோம், தூரத்திலிருந்தே தெரிந்தது. பாஸ்போர்ட்டையும் பணத்தையும் வண்டியில் விடாதீர்கள்.

எதில் ஏற்றுவது

உயரக் கட்டுப்பாடு இல்லாத சவாரிகளே ஒரு வாரத்துக்குக் காணும். மேஜிக் கிங்டத்தில் டம்போ, பீட்டர் பான், வின்னி த பூ, ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’ படகு, குதிரை ராட்டினம். அந்த ராட்டினம் 1917இல் செய்யப்பட்டது. பூங்காவைச் சுற்றிவரும் ரயிலை இழுப்பதும் 1916க்கும் 1928க்கும் இடையில் கட்டப்பட்ட நிஜமான நீராவி எஞ்சின்கள்தான். மெக்ஸிகோவில் ஓடியவற்றை வாங்கிவந்து புதுப்பித்திருக்கிறார்கள். மகள் மூன்று முறை அதில் போனாள். ஊதல் கேட்டதும் உட்கார்ந்த இடத்திலேயே குதிப்பாள், பிறகு என் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

இருட்டைக் கவனியுங்கள். ஹான்டட் மேன்ஷனுக்கு உயரக் கட்டுப்பாடு இல்லை என்பதற்காக உள்ளே கூட்டிப்போக வேண்டியதில்லை. வேஷம் போட்ட மிக்கி, கூஃபி அருகிலும் தள்ளிவிடாதீர்கள். பெரிய தலையும் அசையாத சிரிப்பும் இந்த வயதுக்குப் பயம் தரும். முதலில் பத்தடி தள்ளி நின்று கையசைக்கட்டும். கிட்டே போக அவளே கேட்டால் போகலாம்.

பெரியவர்களுக்கு ஆசையான சவாரி இருந்தால் ‘ரைடர் ஸ்விட்ச்’ கேளுங்கள். ஒருவர் வரிசையில் போய்வரும்வரை மற்றவர் குழந்தையோடு வெளியே இருக்கலாம். அவர் வந்ததும் இவர் நீண்ட வரிசையில் நிற்காமல் உள்ளே போகலாம். வரிசையில் சேரும் முன்பே, குழந்தையோடு எல்லோருமாகப் போய் வாசல் ஊழியரிடம் சொல்ல வேண்டும். செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெயினுக்கு 38 அங்குல உயரம் வேண்டும். அதில் நானும் கணவரும் இப்படித்தான் மாறி மாறிப் போனோம். இந்த ஏற்பாட்டுக்குத் தனிக் கட்டணம் கிடையாது.

அனிமல் கிங்டத்தில் முதல் வேலை கிளிமஞ்சாரோ சஃபாரி. காலைக் குளிர்ச்சியில் விலங்குகள் சுறுசுறுப்பாக நடமாடும். எப்காட்டில் ‘த சீஸ்’ மீன்காட்சியகத்தின் பிரதானத் தொட்டியில் 57 லட்சம் கேலன் தண்ணீர். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றாள், நாங்கள் அவசரப்படுத்தவில்லை. ஜெர்மனி அரங்கின் ஓரத்தில் ஓடும் பொம்மை ரயிலும் சின்னவர்களுக்குப் பிடிக்கும்.

சாப்பாடு

வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரம் கூடாது, குழந்தை உணவுக் குப்பிக்கு மட்டும் விலக்கு உண்டு. கவுண்டரில் உணவு விற்கும் கடைகளில் குடிநீர் கேட்டால் இலவசமாகத் தருவார்கள். ஊரிலிருந்து சத்துமாவு, பொட்டுக்கடலைப் பொடி, அவல் எடுத்துப்போங்கள். கறிவேப்பிலை, பழம், இறைச்சி வேண்டாம். உணவுப் பொருள் எது இருந்தாலும் அமெரிக்கச் சுங்கத்தில் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். ஆர்லாண்டோவில் இந்திய மளிகைக் கடைகள் இருக்கின்றன, தயிருக்கும் அரிசிக்கும் கவலையில்லை. அறையில் சிறிய குளிர்பெட்டி இருக்கும்.

ஒவ்வொரு பூங்காவிலும் ‘பேபி கேர் சென்டர்’ உண்டு. பால் கொடுக்கத் தனியறை, டயப்பர் மாற்றும் மேசை, மைக்ரோவேவ், உயர நாற்காலி எல்லாம் இருக்கும். மேஜிக் கிங்டத்தில் அது கிரிஸ்டல் பேலஸ் உணவகத்தின் பக்கத்தில். அங்கே குளிர்ந்த அமைதியில் தயிர்சாதத்தை ஊட்டிய இருபது நிமிடம் அன்றைக்கு எங்களுக்கே பெரிய ஓய்வு.

ஒரு வேளையாவது அனிமல் கிங்டம் லாட்ஜ் விடுதியின் கிடானி வில்லேஜ் பகுதியிலுள்ள ‘சனா’வில் சாப்பிடுங்கள். இந்திய, ஆப்பிரிக்கச் சுவைகளைக் கலந்து சமைக்கிறார்கள். நான் ரொட்டியும் பலவகைத் தொட்டுக்கையும் கொண்ட ஒரு தட்டு வரும். ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி இலை மென்றுகொண்டிருக்கும். மாமியார் அந்த வாரம் திருப்தியாகச் சாப்பிட்டது அங்கேதான். 60 நாள் முன்பிருந்தே மேசை பதிவு செய்யலாம்.

உடம்பும் பாதுகாப்பும்

காய்ச்சல் மருந்தைக் குழந்தையின் மருத்துவரிடம் கேட்டு, எடைக்கான அளவை எழுதி வாங்கிக்கொண்டு ஊரிலிருந்தே எடுத்துப்போங்கள். அங்கே வாங்க நேர்ந்தால் கவனம் தேவை: பாரசிட்டமால் அங்கே அசெட்டமினோஃபென் என்ற பெயரில் கிடைக்கும். 5 மில்லியில் 160 மில்லிகிராம் இருக்கும். நம்மூர் சிரப்புகளில் 120, 250 என்று வேறு வேறு செறிவு. ஊர் அளவையே அங்கே ஊற்றக் கூடாது. பயணக் காப்பீடு இல்லாமல் கிளம்பவே வேண்டாம்.

காரில் போனால் மூன்று வயது வரை தனிக் குழந்தை இருக்கை ஃபுளோரிடா சட்டப்படி கட்டாயம். நீச்சல்குளத்துக்கு நீச்சல் டயப்பர் வேண்டும். கழிப்பறைகள் பல தானாகவே தண்ணீர் பாய்ச்சும். அந்தச் சத்தத்தில் மிரண்ட குழந்தை பிறகு உட்கார மறுக்கும். ஒட்டுத்தாள் ஒன்றை சென்சார் மீது ஒட்டிவிட்டால் சத்தம் வராது.

தினமும் காலையில் குழந்தையைப் போட்டோ எடுங்கள். என்ன நிறச் சட்டை என்று பதற்றத்தில் நினைவு வராது. கையில் கட்டிய பட்டையில் உங்கள் அலைபேசி எண்ணை நாட்டுக் குறியீட்டோடு எழுதுங்கள். குழந்தை தவறிவிட்டால் பெயர்ப்பட்டை அணிந்த ஊழியர் யாரிடமும் உடனே சொல்லுங்கள். கண்டெடுத்த குழந்தைகளை அழைத்துவருவதும் அதே பேபி கேர் சென்டருக்குத்தான்.

டிக்கெட் போடும் முன் ஒரு வேலை செய்யுங்கள். இன்றிலிருந்து ஒரு வாரம், உங்கள் குழந்தை எத்தனை மணிக்கு எழுகிறது, எப்போது பசிக்கிறது, மதியம் எத்தனை மணிக்குக் கண் சொருகுகிறது என்று காலண்டர் தாளின் பின்னால் குறித்துவையுங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு விடுதியைத் தேடுங்கள்.