முருகனோடு கோபித்துக்கொள்ளலாமா?

கேள்வி: அக்கா, 2013 தொடக்கத்தில் குடும்பமாகப் படகில் வந்தோம். அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டுவிட்டது. இன்றுவரை பிரிட்ஜிங் விசாதான். மகள் இந்த ஆண்டு எச்.எஸ்.சி. எழுதுகிறாள், யூனிவர்சிட்டிக்கு வெளிநாட்டு மாணவர் கட்டணம் கட்ட வேண்டுமாம். வெள்ளி தவறாமல் மேஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போன எனக்கு இப்போது சந்நிதியில் நின்றாலே கோபம் வருகிறது. "நம்பிக்கை குறைஞ்சால் இப்படித்தான் நடக்கும்" என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். இரவில் நித்திரையும் இல்லை. என் பக்தியில்தான் பிழையா?
— ஒரு தாய், பெண்டில் ஹில், சிட்னி

பதில்: அன்புத் தங்கச்சி, அந்தத் தெரிந்தவர் சொன்னதை முதலில் மனதிலிருந்து எடுத்து எறியுங்கள். உங்கள் பக்திக்கும் அந்த மறுப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. 2012 ஆகஸ்ட் 13 முதல் படகில் வந்தவர்களுக்கென்று 2014இல் 'ஃபாஸ்ட் ட்ராக்' என்ற தனி நடைமுறையைச் சட்டமாக்கினார்கள். அதில் மறுக்கப்பட்டவரின் வழக்கைப் பெரும்பாலும் கடதாசியைப் பார்த்தே மீளாய்வு செய்தார்கள். நேரில் போய்ச் சொல்ல அநேகமாக இடமிருக்கவில்லை. 2023 பெப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்தவர்களுக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்தபோதும், மறுக்கப்பட்டவர்கள் வெளியே விடப்பட்டார்கள். 2024 அக்டோபரில் அந்த மீளாய்வு அமைப்பையே மூடிவிட்டார்கள். பிழை எங்கே இருந்தது என்று இப்போது தெரிகிறதல்லவா?

இனி உங்கள் கோபத்துக்கு வருகிறேன். மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரை விட்டுப் புறப்பட்ட சுந்தரருக்கு இரு கண்ணும் போயின என்கிறது பெரியபுராணம். அவர் பணிந்து அழுதார், சிவனோடு சண்டையும் பிடித்தார். ஆனால் நடையை நிறுத்தவில்லை. திருவெண்பாக்கத்தில் கிடைத்தது ஊன்றுகோல் மட்டும். அதைப் பிடித்துக்கொண்டு காஞ்சிக்குப் போனார், ஒரு கண் வந்தது. மற்றக் கண் திருவாரூரில். அந்தச் சண்டைப் பாட்டுகளை நம்மவர்கள் ஒளித்து வைக்கவில்லை. ஏழாம் திருமுறையில் சேர்த்து, இன்றும் ஓதுவார்கள் சந்நிதியில் நின்று பாடுகிறார்கள். வாக்குத் தவறியவருக்கே அந்த உரிமை இருந்தது. நீங்கள் ஒரு பிழையும் செய்யாதவர். இந்த வெள்ளி கோயிலுக்குப் போங்கள், கோபத்தோடேயே போங்கள். கோபிக்கிறவர் இன்னும் உறவை அறுக்காதவர்.

விசா வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். முருகன் பேரைச் சொல்லி அந்த உறுதியை யாரும் தரக்கூடாது. ஆனால் ஊன்றுகோல் கிடைக்கும் என்று நம்புகிறேன், அது பெரும்பாலும் மனிதர் உருவில்தான் வருகிறது. குயின்ஸ்லாந்தின் பிலோயிலா என்ற சிற்றூரில் இருந்த ஈழத்தமிழ்க் குடும்பத்தை 2018 மார்ச்சில் விடியற்காலையில் வந்து பிடித்துப் போனார்கள். 2019 ஆகஸ்டில் நாடு கடத்தும் விமானம் மெல்பேர்னிலிருந்து கிளம்பியே விட்டது. நீதிபதி ஒருவர் இரவோடு இரவாகப் பிறப்பித்த தடையால் டார்வினில் இறங்கியது. அதன்பின் கிறிஸ்மஸ் தீவு, பேர்த். 2022 ஜூனில்தான் ஊர் திரும்பினார்கள், ஆகஸ்டில் நிரந்தர விசா. அத்தனை காலமும் அவர்களுக்காகக் குரல் கொடுத்தவர்களில் பலர் நம் மொழியும் சமயமும் அறியாத அயலவர்கள். எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த அயலவர்கள் விதி என்று கைகட்டி இருந்திருந்தால் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள்.

ஆகவே கதவுகளைத் தட்டுங்கள். சிட்னியில் ஆர்.ஏ.சி.எஸ். என்ற அகதிகள் சட்ட உதவி அமைப்பு இலவசமாக ஆலோசனை தருகிறது. உங்கள் கோப்பை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். நித்திரையின்மையைச் சின்ன விஷயமென்று விடாதீர்கள். கடல் கடந்து வந்தவர் மனதில் கிடப்பதைக் கேட்கவென்றே ஸ்டார்ட்ஸ் அமைப்பு காரமாரில் இருக்கிறது, அதுவும் இலவசம். தாங்க முடியாத இரவென்றால் லைஃப்லைன், 13 11 14. தமிழில் பேச மொழிபெயர்ப்புச் சேவையின் 131 450ஐ அழைத்து, லைஃப்லைனோடு இணைக்கச் சொல்லுங்கள்.

மகளின் படிப்பு நின்றுவிடும் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். புகலிடம் கோரியோரின் பிள்ளைகளுக்கு வெஸ்டர்ன் சிட்னி உட்படச் சில பல்கலைக்கழகங்கள் புலமைப்பரிசில் வழங்கி வந்திருக்கின்றன. பரீட்சை முடியும்வரை காத்திராமல், இந்த வாரமே மகளோடு பள்ளிக்குப் போய்த் தொழில் வழிகாட்டி ஆசிரியரிடம் விண்ணப்பத் திகதிகளைக் கேளுங்கள்.