தடைத்திறன்மானி காட்டாத மாசு

கேள்வி: கண்டியில் மகாவலி நீரை அதிதூய நீராக்கினால், அதில் சேதன மாசு எஞ்சுமா? எப்படிக் கண்டறிவது?

பதில்: எஞ்சலாம். அதிதூய நீரின் தடைத்திறன் 25 பாகை செல்சியசில் 18.2 மெகாஓம் சென்ரிமீற்றர். அந்த அளவீடு அயன்களை மட்டுமே அறியும். மின்னேற்றமற்ற யூரியா அதற்குப் புலப்படாது. தேயிலைத் தோட்டங்களுக்கு இடும் யூரியா மழையோடு ஆற்றில் கலக்கக்கூடியது. மூலக்கூறு சிறியதாதலால் நேர்மாறு பிரசாரண (ஆர்.ஓ.) மென்சவ்வையும் ஓரளவு கடந்துவிடும்.

ஆகவே மொத்த சேதனக் காபன் அளக்கப்படுகிறது. 185 நனோமீற்றர் புறஊதாக் கதிர் மாசை ஒட்சியேற்றிக் காபனீரொட்சைட்டாக்கும். அது கரைய, நீரின் கடத்துதிறன் உயரும். அந்த உயர்வைக் கொண்டே சேதனக் காபன் கணக்கிடப்படும். யூரியாவோ இக்கதிருக்கும் எளிதில் சிதையாது. அதிதூய நீரைப் பயன்படுத்தும் குறைகடத்திச் சில்லுத் தொழிற்சாலைகள் லீற்றருக்கு 1 மைக்ரோகிராம் சேதனக் காபனையே அதிகமெனக் கருதுகின்றன. எனவே யூரியாவைத் திணிவு நிறமாலைமானியால் தனியே தேடுவது நம்பத்தக்க வழி.