சூதாட்டக்கூடம் இல்லாத சொகுசு விடுதி

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து அண்ணன் குடும்பம் வருகிறது. ஐந்து நட்சத்திர ஓட்டலில் தங்க ஆசைப்படுகிறார்கள். அங்கே உள்ளதுபோல் கேசினோ இங்கே இல்லையே, பொழுது போகுமா?
– ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: நன்றாகவே போகும் அம்மா. கோவாவிலும் சிக்கிமிலும் கேசினோவுக்கு அனுமதி உண்டு. தமிழகச் சட்டம் இடம் தருவதில்லை. அதனால் நம் ஓட்டல்கள் சாப்பாட்டையும் உபசரிப்பையும் நம்பியே பெயர் வாங்கின. அது நல்லதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

600 அறைகளுடன் 2012இல் திறந்த கிண்டி கிராண்ட் சோழா பிரம்மாண்டம். ஆனால் உங்கள் அண்ணனுக்கு நான் சொல்வது பின்னி சாலை கன்னிமராதான். 1886 முதல் 1890 வரை சென்னை ஆளுநராக இருந்தவரின் பெயர் அது. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் கைவண்ணமும் அதில் உண்டு. ராத்திரி, அதே ஓட்டலில் மரத்தடியில் இருக்கும் ரெயின்ட்ரீ உணவகத்தில் செட்டிநாட்டுச் சாப்பாடு. அவசரப்படாமல், எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள்.

வடசென்னையை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஓட்டலுக்குப் பக்கத்திலுள்ள எல்.ஐ.சி. நிலையத்தில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் திருவொற்றியூர் தேரடி. தியாகராஜரையும் வடிவுடையம்மனையும் தரிசிக்கலாம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். காசிமேட்டு மீன் ஏலம் பார்க்க வேண்டுமானால் விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். மெட்ரோ ஓடாத நேரம், ஓட்டலிலேயே முந்தின இரவு கார் சொல்லிவைக்கட்டும்.