தாளவாத்திய ஸ்டீரியோ இசைத்தட்டுகள்: புதிதாகத் தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

1. முதலில் காது

சிவகாசிக்காரர்களுக்கு ஸ்டீரியோவைப் பற்றிப் பெரிய பாடம் வேண்டாம். தெருவில் சரவெடி கொளுத்தினால், அது எந்த முனையிலிருந்து எந்த முனைக்கு ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவீர்கள். ஒரு காதுக்கு ஒலி சற்று முன்னதாகவும் பலமாகவும் சேருகிறது, அவ்வளவுதான். தட்டில் இதைக் கொண்டுவர, இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என இரு ஒலித்தடங்களையும் ஒரே பள்ளத்தில் பதிக்கும் வழிக்குப் பொறியாளர் ஆலன் புளும்லைன் 1931-இல் காப்புரிமை கோரினார். பள்ளத்தின் ஒரு சுவர் இடது, மறு சுவர் வலது. அப்படிப்பட்ட தட்டு கடைக்கு வந்ததோ 1950-களின் கடைசியில்.

2. எப்படிப் பதித்தார்கள்?

புதிய ஸ்டீரியோ பெட்டி வாங்கியவர்களுக்கு அதைப் போட்டுக்காட்ட ஏதாவது வேண்டியிருந்தது. 1959-இல் ஈனோக் லைட்டின் கமாண்ட் நிறுவனம் 'பெர்சுவேசிவ் பெர்கஷன்' வெளியிட்டது. இடப்பக்கம் தட்டினால் வலப்பக்கம் பதில் வரும். வித்தை காட்டும் வேலைதான், ஆனால் பதிவு படு சுத்தம். 1961-இல் 35 மி.மீ. காந்தப் பிலிமிலும் பதித்தார். டேப்பைவிட அகலம், வேகம் இரண்டும் கூடுதல், இரைச்சல் குறைவு.

தோலில் அடி விழுந்த கணமே ஒலி உச்சிக்குப் போய்விடும். அதைப் பதிக்கப் பள்ளம் அகலமாக அலைய வேண்டும். அதற்கு இடம் விட்டால் ஒரு பக்கத்தில் அடங்கும் நேரம் குறையும். நேரத்தைக் கூட்டினால் சத்தத்தைக் குறைக்க வேண்டும். பட்டாசுக்கு 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபெல் என்று சட்டம் வரம்பு கட்டுகிறது. இங்கே வரம்பு கட்டுவது ஊசி. கனத்த ஒலிகளைப் பெரும்பாலும் நடுவில் வைப்பதும் ஊசி துள்ளி வெளியேறாமல் இருக்கத்தான்.

3. எதை வாங்குவது?

'சக்தி' குழுவின் முதல் தட்டு. 1975 ஜூலை 5 அன்று அமெரிக்காவின் லாங் ஐலண்டில் மேடையிலேயே பதிவானது. விக்கு விநாயக்ராமின் கடம், ராம்நாட் ராகவனின் மிருதங்கம், ஜாகிர் உசேனின் தபலா. ராகவன் பேரில் இருக்கும் ராமநாதபுரம் நமக்கு அந்நியமில்லை. 1985 வரை விருதுநகரும் அந்த மாவட்டம்தானே! இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே உருப்படி, ஏறக்குறைய 29 நிமிடம். அதனால் முதல் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

சினிமாதான் வேண்டும் என்றால் இளையராஜாவின் 'ப்ரியா' (1978). பழைய மோனோவைப் பிரித்து 'ஸ்டீரியோ' என்று விற்ற தட்டுகளை விட்டுவிடுங்கள். ஒரு பக்கம் கீச்சு, மறுபக்கம் உறுமல் என்றுதான் கேட்கும்.

4. கடையில்

தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கறுப்புப் பளபளப்புக்கு நடுவே சாம்பல் பூத்த வளையம் தெரிந்தால், கனமான ஊசி அங்கே தேய்த்திருக்கிறது. பெரும்பாலும் பலமாக அடித்த இடமாகத்தான் இருக்கும். விலை படிந்தாலும் வேண்டாம்.

5. வீட்டில்

நம்ம ஊர் வெயிலில் காருக்குள் தட்டை வைத்துவிட்டுப் போகாதீர்கள், வளைந்துவிடும். அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். 78 சுற்றுத் தட்டுக்கான ஊசியால் இதைத் தொடவே கூடாது.

ஸ்பீக்கர் இரண்டும் நீங்களும் ஒரு முக்கோணம். எல்லாம் சரியாக இருந்தும் மிருதங்கத்தின் தொப்பி ஒலி சன்னமாகக் கேட்டால், ஏதாவது ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பு, கறுப்பு வயர்களை மாற்றிச் சொருகிப் பாருங்கள்.