கட்டபொம்மன் காலத்து ரிவால்வர் என்று ஒன்று கிடையாது

புதுக்கோட்டைப் பக்கம் பழைய வீட்டில் ஒரு ரிவால்வர் இருந்தால் அதற்கு ஒரு கதையும் இருக்கும். புதுக்கோட்டை மன்னர் தொண்டைமான் கையால் கொடுத்தது என்பார்கள். இன்னும் துணிந்தவர்கள், கட்டபொம்மனைப் பிடித்தபோது இடுப்பில் இருந்தது என்பார்கள். 1799-ல் திருக்களம்பூர்க் காட்டில் தொண்டைமானின் ஆட்கள் கட்டபொம்மனைப் பிடித்தது உண்மைதான். ஆனால் சாமுவேல் கோல்ட் தன் ரிவால்வருக்கு முதல் காப்புரிமை வாங்கியதே 1835-ல். 1799-ல் இடுப்பில் இருந்திருந்தால் அது ஒரு முறை சுட்டுவிட்டு மறுபடி மருந்து இடிக்க வேண்டிய சக்கிமுக்கித் துப்பாக்கியாக இருந்திருக்கும்.

சேகரிப்பாளர் கதையை ரசிப்பார். பணமும் மதிப்பும் தருவது இரும்பில் இருக்கும் முத்திரைக்குத்தான். அந்த முத்திரையைப் படித்து எழுதும் வழி இது.

முதலில் காகிதம். நூறு வயது தாண்டிவிட்டால் உரிமம் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு சட்டங்களைக் குழப்பிக்கொள்வதால் வரும் தவறு இது. 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குத்தான் நூறு ஆண்டுக் கணக்கு. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வயதை மட்டும் பார்ப்பதில்லை. பழைய மாதிரியாகவோ தொன்மை மதிப்புள்ளதாகவோ பழுதானதாகவோ இருக்க வேண்டும். கூடவே, பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையிலும் இருந்தால்தான் அதன் 45-வது பிரிவு விலக்குத் தருகிறது. 1917-ல் செய்த வெப்லி என்ற பிரிட்டிஷ் ரிவால்வர் நன்றாக இயங்குமானால் அது இன்றும் துப்பாக்கிதான். தாத்தா பெயரில் உரிமம் இருந்து அவர் காலமாகிவிட்டால், ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு பெயருக்கு மாற்ற ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். புதுக்கோட்டையில் அந்த அலுவலகம் இயங்குவதே தொண்டைமான்களின் அரண்மனையில்தான். ரிவால்வருக்கு அது புதிய இடமாகத் தோன்றாது!

அடுத்தது, உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்ப்பது. பழக்கம் இல்லாதவர் இதைச் செய்ய வேண்டாம். ஆயுதக் கடைக்காரரை வைத்துப் பாருங்கள். வெப்லியில் இடப்பக்கக் கொண்டியைக் கட்டைவிரலால் அழுத்தினால் பேரல் முன்பக்கமாகக் கவிழும், சிலிண்டரில் உள்ளவை தாமாக மேலே தள்ளப்படும். ஆறு அறையும் காலி என்று கண்ணால் பார்த்த பிறகே மேசையில் வையுங்கள்.

துடைக்கும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். குத்துவிளக்கைப் போலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய ரிவால்வரைப் பார்த்தால் சேகரிப்பாளருக்கு வயிறு எரியும். கருநீலப் பூச்சு ஒரு முறை போனால் போனதுதான். மறுபூச்சு அடித்தால் மதிப்பு இன்னும் இறங்கும். பருத்தித் துணியில் துளி துப்பாக்கி எண்ணெய் தொட்டுத் தடவினால் போதும். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று இருப்பதால், தோல் உறைக்குள்ளேயே விட்டுவைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உறை பட்ட இடத்தில்தான் துருக் குழி விழுகிறது.

இப்போது படிப்பு. இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். காலை வெயில் திண்ணையில் சாய்வாக விழும்போது பூதக்கண்ணாடியோடு உட்காருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். பேரலின் மேல்பட்டை, சிலிண்டருக்குக் கீழே உள்ள உடல், சிலிண்டரின் சுற்றுப்புறம் என்று வரிசையாகப் பாருங்கள். தெரிவதை அப்படியே எழுதுங்கள். பாதி அழிந்த எழுத்தை ஊகித்து நிரப்பாமல், அந்த இடத்தில் புள்ளி வையுங்கள்.

அகன்ற அம்புக்குறி இருந்தால் அது பிரிட்டிஷ் அரசின் சொத்தாக இருந்தது. அம்பின் கீழே ஆங்கில ‘ஐ’ எழுத்து இருந்தால் இந்தியப் படைக்கு வந்தது. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால் படையிலிருந்து விற்றுத் தள்ளப்பட்டது. இந்தக் கடைசிக் குறி பலர் கண்ணில் படுவதில்லை. ஆனால் ராணுவச் சொத்து தனியார் கைக்கு முறையாக வந்ததற்கு ஆயுதமே சொல்லும் சாட்சி அதுதான்.

மாதிரியைப் பிரிப்பது அவ்வளவு கடினமில்லை. வெப்லி மார்க் 1-ஐ பிரிட்டிஷ் படை 1887-ல் ஏற்றது. பேரல் 4 அங்குலம், கைப்பிடியின் அடி பறவை அலகு போல வளைந்திருக்கும். 1915-ல் வந்த மார்க் 6-க்கு 6 அங்குலப் பேரல், சதுர அடி. இரண்டும் .455 அளவு, அதாவது சுமார் பதினொன்றரை மில்லிமீட்டர். 1932-ல் வந்த என்ஃபீல்டு நம்பர் 2 மெலிந்தது; .38 அளவு. அதில் ஹேமரின் வால் இல்லாமல் இருந்தால் உடைந்தது என்று எழுதிவிடாதீர்கள். 1938 முதல் ஒரு வகையை வேண்டுமென்றே அப்படித்தான் செய்தார்கள். கான்பூரில் நம் அரசுத் தொழிற்சாலை செய்யும் .32 ரிவால்வரும் பார்வைக்கு வெப்லியின் தம்பி மாதிரி இருக்கும். அதைத் தொல்பொருள் என்று விற்க முயல்கிறவர்கள் உண்டு.

போலியும் வரும். கைபர் கணவாய்ப் பக்கம் தர்ரா ஆதம் கேலில் கைவேலையாகச் செய்த நகல்களில் ஆங்கில எழுத்துகள் தலைகீழாகவோ பிழையாகவோ இருக்கும். அதையும் மறைக்காமல் எழுதுங்கள். நகலைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பேரலை அளக்கும்போது வாயிலிருந்து சிலிண்டருக்கு முன்னால் அது முடியும் இடம் வரை மட்டும் அளக்க வேண்டும்; சிலிண்டரைச் சேர்க்கக் கூடாது. விட்டத்துக்கு பிளாஸ்டிக் வெர்னியர் நல்லது, உலோகம் கீறும். சிலிண்டரின் பின்முகம் சீவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவுக்குப் போன பல வெப்லிகளை .45 தோட்டாவுக்காக அப்படிச் சீவினார்கள். அசல் நிலை கெட்டதற்கு அது அடையாளம். உடலிலும் சிலிண்டரிலும் உள்ள வரிசை எண்கள் ஒன்றா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சேர்ந்தால் குறிப்பு இப்படி அமையும்:

“வெப்லி மார்க் 6, .455, ஆறு அறை. பேரல் 6 அங்குலம். உடலில் 1917. பேரல் பட்டையில் அம்புக்குறி. விற்பனைக் குறி தெரியவில்லை. உடல், சிலிண்டர் எண்கள் ஒன்றே. கருநீலப் பூச்சு பாதிக்கு மேல் உள்ளது. வலப்பக்கம் உறை பட்ட இடத்தில் துருக் குழிகள். கைப்பிடித் தகடு அசல், இடப்பக்கம் சிறு உடைப்பு. அடியில் கயிற்று வளையம் உண்டு. சிலிண்டர் ஆட்டமின்றி நிற்கிறது. சுட்டுப் பார்க்கவில்லை.”

‘அபூர்வம்’, ‘அற்புதமான நிலை’ போன்ற சொற்கள் அதில் இல்லை. அவற்றைப் பார்த்தாலே வாங்குபவர் விலையைக் குறைக்கத் தொடங்குவார்.

வீட்டுக் கதையைத் தனிப் பத்தியில் போடுங்கள். “குடும்பத்தார் சொல்வது” என்று தொடங்குங்கள். பழைய உரிமப் புத்தகம், வாங்கிய ரசீது, சீருடையில் தாத்தா நிற்கும் படம் இருந்தால் அது “ஆவணம்” என்ற தலைப்பின் கீழ் வரும். புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைந்தது. அதற்கு முந்தைய தர்பார் முத்திரை உள்ள ஒரு துண்டுக் காகிதம், கதை பத்துக்குச் சமம்.

புகைப்படம் இரு பக்கமும் முழுதாக, பிறகு ஒவ்வொரு முத்திரையும் நெருக்கமாக, குறைகள் எல்லாம் ஒளிவின்றி. பின்னணிக்கு வெள்ளை வேட்டி போதும். பக்கத்தில் ஒரு அளவுகோல்.

குறிப்பை இரண்டு படி எடுங்கள். உரிமக் கோப்பில் வைக்கும் படியில் எல்லா விவரமும் இருக்கட்டும். வெளியாருக்குக் காட்டும் படியில் வரிசை எண்ணின் கடைசி இலக்கங்களையும் வீட்டு முகவரியையும் நீக்கிவிடுங்கள். வாங்க வருபவரிடம் முதலில் உரிமத்தைக் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது விலை சொன்னால், நூறு ஆண்டு கடந்த பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்யச் சட்டம் இடம் தரவில்லை என்று சொல்லிவிடலாம். விற்க மனமில்லை, வைத்துக்கொள்ளவும் வழியில்லை என்றால் 1910-ல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. ஆயுதத்தைப் பையில் போட்டுக்கொண்டு நேரே போய் நிற்காமல், முதலில் இந்தக் குறிப்பையும் படங்களையும் மட்டும் கொண்டுபோய்க் காப்பாட்சியரிடம் கொடுங்கள்.