ஓட்டுப் போடுமுன் ஒரு பாடம்

(இறுதியாண்டு, எலக்ட்ரானிக்ஸ் பிரிவு)



நம் கேன்டீனில் தேர்தல் பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. யார் ஜெயிப்பார், யாரோடு யார் கூட்டு, எந்த நடிகர் யார் ஓட்டைப் பிரிப்பார் என்று டீ ஆறிப் போகும்வரை பேசுவோம். ஆனால், "உன் தொகுதி நம்பர் என்னப்பா? உன் பேரு லிஸ்ட்ல இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் தலையைச் சொறிவார்கள். எந்தக் கட்சி நல்ல கட்சி என்று சொல்ல நான் வரவில்லை. சட்டமன்றத் தேர்தல் எப்படி நடக்கிறது என்பதை, நம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தையே உதாரணமாக வைத்து, எனக்குப் புரிந்த வரையில் ஒரு பாடமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

பட்டனை அமுக்குவதுதான் ஓட்டு என்று நினைக்கிறோம். அதற்கு முன்னால் எல்லை, பட்டியல் என்று இரண்டு படிகள் உண்டு. பின்னால் எண்ணிக்கை என்று ஒரு படி உண்டு. வரிசையாகப் பார்ப்போம்.

1. எல்லை

தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். சட்டமன்றத் தொகுதிகள் 234. இந்த 234 ஆதியிலிருந்து வந்த கணக்கு அல்ல. 1952ல் பழைய சென்னை மாநிலத்துக்கு 375 இடங்கள் இருந்தன. மொழிவாரியாகப் பகுதிகள் பிரிந்தபின் 1957ல் 205 ஆனது. 1962ல் 206. 1967 முதல்தான் 234. இதில் 44 தொகுதிகள் தாழ்த்தப்பட்டோருக்கும், ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய 2 தொகுதிகள் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை.

நம் விருதுநகர் மாவட்டத்துக்கு ஏழு தொகுதிகள். ராஜபாளையம் 202, ஸ்ரீவில்லிபுத்தூர் 203, சாத்தூர் 204, சிவகாசி 205, விருதுநகர் 206, அருப்புக்கோட்டை 207, திருச்சுழி 208. இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. பாராளுமன்றத் தேர்தல் என்று வந்தால் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தென்காசித் தொகுதிக்குப் போய்விடும். திருச்சுழி ராமநாதபுரத்துக்குப் போய்விடும். மீதி நான்கும் விருதுநகர்த் தொகுதியில். ஒரே கலெக்டர், மூன்று எம்.பி.!

2008ல் தொகுதி மறுவரையறை வந்தது. 2006 தேர்தல் வரை ராஜபாளையம் தனித்தொகுதி, ஸ்ரீவில்லிபுத்தூர் பொதுத்தொகுதி. 2011 தேர்தலில் இது அப்படியே தலைகீழாகிவிட்டது. ராஜபாளையம் பொது, ஸ்ரீவில்லிபுத்தூர் தனி. ஜனங்கள் இடம் மாறவில்லை, ஊரும் இடம் மாறவில்லை. வரைபடத்தில் கோடும், பட்டியலில் ஒரு குறியும் மாறியதில் யார் வேட்பாளராக நிற்கலாம் என்பதே மாறிவிட்டது.

கோடுதானே என்று விட்டுவிட முடியாது. ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் மலையடிவாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாமெல்லாம் லீவு நாளில் குளிக்கப் போகிற இடம்தான். மலையிலிருந்து இறங்கும் அந்த ஆற்றுத் தண்ணீருக்குத் தொகுதி எல்லை தெரியாது. ஆனால் அங்கே குடியிருக்கும் பளியர் மக்களுக்கும், அந்த ரோட்டுத் தோப்புகளில் கூலி வேலை பார்க்கும் என் அய்யாவைப் போன்றவர்களுக்கும் ரோடு, பஸ், பட்டா என்று ஏதாவது தேவைப்பட்டால், மனுவை எந்த எம்.எல்.ஏ.விடம் கொண்டுபோக வேண்டும் என்பதை அந்தக் கோடுதான் சொல்கிறது.

2. பட்டியல்

முன்பு ஓட்டுரிமை வயது 21. அரசியல் சட்டத்தின் 61வது திருத்தத்தால் அது 18 ஆனது. 1989 மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்தது. அந்த வருடம் தமிழக சட்டமன்றத் தேர்தல் ஜனவரியிலேயே முடிந்துவிட்டதால், நம் மாநிலத்தில் 18 வயதுக்காரர்கள் சட்டமன்றத்துக்கு முதலில் ஓட்டுப் போட்டது 1991ல்தான். (வேட்பாளராக நிற்க மட்டும் 25 வயது ஆக வேண்டும். அதுவரை பொறுத்திருப்போம்!)

18 ஆனவுடன் ஓட்டு தானாக வந்துவிடாது. படிவம் 6 கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் ஜனவரி 1ந் தேதி 18 முடிந்திருந்தால்தான் அந்த வருடம் பெயர் சேரும். 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி என நான்கு தகுதி நாட்கள். 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே மனு கொடுத்து வைக்கலாம். நான் அப்படித்தான் கொடுத்தேன்.

ஹாஸ்டல் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: "ஊர்லயா, இங்கயா?" இரண்டில் ஒன்று. ஊரில் பெற்றோர் வீட்டு விலாசத்தில் பதியலாம். அல்லது இங்கேயே படிக்கிறோம் என்று கல்லூரி முதல்வரிடம் சான்று வாங்கி ஹாஸ்டல் விலாசத்தில் பதியலாம். இரண்டு இடத்திலும் பதிவது சட்டப்படி குற்றம். இன்னொன்றையும் கவனியுங்கள். கையில் வாக்காளர் அட்டை இருந்தால் மட்டும் போதாது, பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பெயர் இருந்து அட்டை தொலைந்திருந்தால், தேர்தல் கமிஷன் ஏற்றுக்கொள்ளும் வேறு அடையாள ஆவணத்தைக் காட்டி ஓட்டுப் போட்டுவிடலாம். அட்டை இருந்து பெயர் இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. வேட்புமனு கொடுக்கும் கடைசி நாள் தாண்டிவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்கவும் வழியில்லை.

இதன் அருமை எனக்கு 2025 நவம்பரில்தான் உறைத்தது. தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்த சமயம். வீடுவீடாகப் படிவம் கொடுத்தார்கள். 2002, 2005ஆம் ஆண்டுகளின் பழைய பட்டியலில் தன் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே இருக்கிறது என்று அதில் குறிக்க வேண்டும். எங்கள் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வந்த அம்மா படிவத்தை என் கையில் கொடுத்து, "என்ன கேட்டிருக்கான்னு பாருய்யா, நமக்கு ஓட்டு போயிராம" என்றது. பழைய பட்டியல் மறுவரையறைக்கு முந்தியது. தொகுதி வேறு, பாகம் வேறு, வரிசை எண் வேறு. போனில் தேடித் தேடி, இரண்டு ராத்திரி கழித்து எங்கள் அம்மாச்சியின் பெயரைக் கண்டுபிடித்தேன். அந்தப் பெயரைப் பிடித்துத்தான் அம்மாவின் படிவம் பூர்த்தியானது. விஷயம் தெரிந்து தெருவில் எல்லாரும் வந்துவிட்டார்கள். "தம்பி, எங்களதையும் பாருப்பா" என்று திண்ணை நிறையப் படிவம். பத்தாம் வகுப்பில் வாங்கிய மார்க்குக்குக் கூட அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

2025 டிசம்பர் 19ல் வரைவுப் பட்டியல் வந்தபோது மாநிலம் முழுக்கச் சுமார் 97 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர்கள், குடிபெயர்ந்தவர்கள், இரட்டைப் பதிவு என்று காரணம் சொல்லப்பட்டது. இறந்தவர் பெயரை எடுக்க வேண்டியதுதான், அதில் தகராறு இல்லை. ஆனால் எங்கள் தெருவில் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்த ஒரு அண்ணன் பெயரும் விட்டுப்போயிருந்தது. படிவம் வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது, அவ்வளவுதான். பிறகு அவர் லீவு போட்டு வந்து மறுபடி மனு கொடுத்தார். பஞ்சம் பிழைக்கப் போகிறவன், எழுத்துத் தெரியாதவன், வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவன் ஆகியோர் பெயர்தான் முதலில் விடுபடும். அதாவது, யாருக்கு எம்.எல்.ஏ. அதிகம் தேவையோ அவர்கள் பெயர்!

3. இயந்திரம்

இது நம் எலக்ட்ரானிக்ஸ் பாடம். இயந்திரத்தில் மூன்று பாகங்கள். ஓட்டுப் போடும் பெட்டி நம் பக்கம், கட்டுப்பாட்டுப் பெட்டி அதிகாரி மேஜையில், நாம் யாருக்குப் போட்டோம் என்று சீட்டு காட்டும் விவிபேட் பெட்டி பக்கத்தில். அதிகாரி தன் பெட்டியில் பட்டனை அழுத்தி அனுமதி கொடுத்தால்தான் நம் பக்கம் ஓட்டுப் பதிவாகும். ஒரு அனுமதிக்கு ஒரு ஓட்டு. விவிபேட் சீட்டு கண்ணாடி வழியே 7 விநாடி தெரியும். பிறகு அறுந்து உள்ளே விழும். பலர் அதைப் பார்க்காமலேயே வெளியே வந்துவிடுகிறார்கள். அந்த 7 விநாடி நமக்காக வைத்தது, நின்று பாருங்கள். மின்சாரம் தேவையில்லை, பேட்டரிதான். காலையில் வாக்குப்பதிவுக்கு முன் ஏஜெண்டுகள் முன்னிலையில் மாதிரி ஓட்டுப் போட்டுச் சரிபார்த்து, அதை அழித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள்.

முதலில் இதைப் பயன்படுத்தியது 1982ல் கேரளாவின் பரவூர்த் தொகுதியில், 50 வாக்குச்சாவடிகளில். சட்டத்தில் இடமில்லை என்று சுப்ரீம் கோர்ட் 1984ல் அந்தத் தேர்தலைச் செல்லாது என்றது. சட்டத்தைத் திருத்திய பிறகுதான் இயந்திரத்துக்கு வழி பிறந்தது. தமிழ்நாட்டில் எல்லாத் தொகுதிகளிலும் 2001 சட்டமன்றத் தேர்தலில் வந்தது.

அதற்கு முந்தைய 1996 தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் விவசாயிகள் எதிர்ப்பைக் காட்டக் கூட்டமாக மனுப் போட்டதில், மொத்தம் 1,033 வேட்பாளர்கள்! வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டி வந்தது. இன்றைய இயந்திரத்தில் ஒரு பெட்டிக்கு 16 பட்டன். 24 பெட்டி இணைத்தால் நோட்டாவையும் சேர்த்து 384 பேர்தான் அடங்கும். மொடக்குறிச்சிக்கு அதுவும் பத்தாது. வெறும் 250 ரூபாயாக இருந்த டெபாசிட் அதன்பின் 5,000 ஆகி, பிறகு 10,000 ஆனது. தாழ்த்தப்பட்ட, பழங்குடி வேட்பாளர்களுக்கு அதில் பாதி.

4. எண்ணிக்கை

நம் தேர்தலில் பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற விதி இல்லை. மற்றவரைவிட ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினால் போதும். ஆகவே "என் ஒரு ஓட்டுல என்ன ஆகப்போகுது?" என்பவர்களுக்கு நம் பக்கத்துச் சரித்திரமே பதில் சொல்லும்.

ராஜபாளையத்துக்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை முதலமைச்சராக இருந்தவர். தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு என்று வந்த முதல் பொதுத்தேர்தலில் அவரே தோற்றார். 1967ல் விருதுநகரில் காமராஜர், மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றார். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தவர் தோற்றது சரியா என்று எங்கள் தெருப் பெரியவர்கள் இன்றும் பேசித் தீர்க்கவில்லை. ஆனால் பெரிய மனிதரானாலும் பட்டியலில் உள்ள சாதாரண ஜனங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் அன்றைக்கு நிரூபணமானது.

பக்கத்து மாவட்டத்து ராதாபுரத்தில் 2016ல் அறிவித்த வித்தியாசம் 49. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. 2021ல் சென்னை தியாகராய நகரில் 137. நாற்பத்தொன்பது என்றால் நம் ஒரு வகுப்பறைகூட இல்லை, நண்பர்களே!

2021ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 6ல் வாக்குப்பதிவு முடிந்தது. காங்கிரஸ் வேட்பாளர் மாதவராவ் கொரோனாவால் ஏப்ரல் 11ல் இறந்துபோனார். தேர்தல் ரத்தாகவில்லை. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் வாக்குப்பதிவுக்கு முன் இறந்தால்தான் தேர்தலைத் தள்ளி வைப்பார்கள். பதிவான ஓட்டை எண்ணியே ஆக வேண்டும். இறந்தவர் ஜெயித்திருந்தால் இடைத்தேர்தல் வந்திருக்கும். மே 2ல் எண்ணியபோது அ.தி.மு.க. வேட்பாளர் மான்ராஜ் வெற்றி பெற்றார். போட்ட ஓட்டுக்குச் சட்டம் கொடுக்கும் மரியாதையை இதில் பார்க்கலாம்.

5. நாம் செய்ய வேண்டியது

ஆகவே நண்பர்களே, அடுத்து எந்தத் தேர்தல் வந்தாலும் அதற்கு முன்பாக:

அ) உங்கள் தொகுதி எண், பாகம் எண், வரிசை எண் மூன்றையும் நோட்டில் குறித்து வையுங்கள்.

ஆ) பெயர் இல்லையென்றால் படிவம் 6. வீடு மாறியிருந்தாலோ, பெயரில் தப்பு இருந்தாலோ படிவம் 8.

இ) உங்கள் பெயரோடு நிறுத்தாதீர்கள். வீட்டில், தெருவில் எழுத்துத் தெரியாதவர் பெயரையும் பாருங்கள். வெளியூர் போனவர்களுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்.

ஈ) வாக்குச்சாவடிக்குப் போனபின் உங்கள் பெயரில் வேறு யாரோ போட்டுவிட்டது தெரிந்தால் சும்மா திரும்பாதீர்கள். 49பி விதிப்படி வாக்குச்சீட்டு கேட்டு வாங்கிப் போடலாம். "சர்கார்" படத்தில் பார்த்து விசில் அடித்தோமே, அது நிஜச் சட்டம்தான்.

யாருக்கு ஓட்டு என்பது அவரவர் மனசாட்சி. அதை நான் உங்களுக்குச் சொல்ல முடியாது, நீங்களும் எனக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் மூன்று வருடம் படித்து வாங்கப்போகும் டிப்ளமோவால் வேலை கிடைப்பதற்கு முன்பே ஒரு பயன் உண்டு. ஒரு படிவத்தை வாசித்து, ஒரு மனிதரின் பெயரைப் பட்டியலில் நிற்க வைக்க நம்மால் முடியும். நம் தெருவில் ஒரு பெயர்கூட விடுபடாமல் பார்த்துக்கொள்வோம்!